கழுத்தில் எடுக்கமாட்டோம்

மகளும் கூட்டாளிகளும் முன்வரிசையில்.
கார் ஓட்டி வந்ததற்கு எனக்கும் ஒரு டிக்கெட்,
ஒரு வரிசை தள்ளி, "தெரியாத ஆள் மாதிரி இருங்கோ அம்மா."
வெளியே வினிபெக், மைனஸ் முப்பத்தொன்று.

திரையில் அவனுக்கு நூற்றுப் பதினாலு வயது,
பதினோராம் வகுப்பை இன்னும் முடித்தபாடில்லை.
அவள் கழுத்தருகே மூச்சுவிட்டபடி
போய்விடு என்கிறான்,
போனால் பின்னாலேயே வருகிறான்.

கழுத்தில் எடுக்கமாட்டோம், தம்பி.
முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டு,
நரம்பு தானாக எழும்பி வரும்.
ஒன்பது வருடமாய் இந்த ஊர் ரத்தத்தை
குழாய் குழாயாக எடுக்கிறவள் சொல்கிறேன்.
ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க நடமாட்டம்,
விடிந்தால் ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டிவிட்டுப் படுக்கை,
பள்ளி விழாப் படம் எதிலும் விழுந்ததில்லை.

பல் இறங்கப்போகிற நேரம்
அரங்கமே மூச்சடக்க,
நிரோஜன் என் மகளின் மணிக்கட்டைப் பிடித்தான்.
பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளை.
பெருவிரல் தெரியாமலே
சரியாக நாடியில்.

வழக்கதோஷம், எண்ணத் தொடங்கினேன்.
யாருடையதை என்றுதான் தெரியவில்லை.

விளக்குப் போட்டபோது
நான் நல்ல தூக்கத்தில்,
வாயை அகலத் திறந்து,
அவர்கள் நம்பும்படியாக.