பிடுங்கிப் பார்த்தது

நாரின் கால்நடை நிலையத்தின்
இந்த ஆண்டுச் செலவுத் தாளில்
சர்வருக்கு நேராக எழுதியிருந்தது
பதினெட்டாயிரம் சோம்.
ஒரு கொழுத்த கிடாயின் விலை,
பேரம் பேசத் தெரிந்திருந்தால்.

பிஷ்கேக்கில் மூடிப்போன வங்கியொன்றிலிருந்து
பழைய பெட்டியை மடியில் வைத்தே
வேனில் கொண்டுவந்தான் எர்கின்பெக்.
நினைவகம் எட்டு ஜிபி. வட்டுகள் இரண்டு.
திறந்தால் யாரோ பிடித்த சிகரெட்டின் வாடை.

உரிமக் கட்டணம் கேட்கும் அமைப்பை
விலை கேட்டதோடு விட்டோம்.
குதிரையை விடச் சேணம் விலை கூடுதல்.

மிச்சம் மூன்று.
ஒன்று ஆறு மாதத்துக்கொருமுறை சட்டை மாற்றும்.
ஒன்று எர்கின்பெக்கின் செல்லம்,
அவன் தொட்டால் படிந்து நிற்கும்,
என்னைக் கண்டால் உதைக்கும்.
மூன்றாவது டெபியன்.
அதைப் பற்றிச் சொல்ல எங்களில் யாரிடமும் கதையில்லை.

நம்பகம் என்பதை வாய்ச்சொல்லில் வாங்க மனமில்லை.
மூன்றையும் மாற்றி மாற்றி ஏற்றி
பத்தாயிரம் பொய் ஆடுகளைத்
தரவுத்தளத்துக்குள் ஓட்டிவிட்டு
அவை ஓட ஓட
பிளக்கைப் பிடுங்கினேன்.

இங்கே ஜனவரியில் மின்சாரம் அப்படித்தான் போகும்,
சொல்லாமல் கொள்ளாமல்,
ஊசி போட்ட பசுவின் எண்ணைப் பாதி தட்டும்போது.

முதலாவது எழுந்து எல்லாம் நலம் என்றது.
எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு ஆடுகளைக் காணோம்.
இரண்டாவதிலும் காணோம்.
டெபியனிலும்
காணோம்.

அன்றிரவு சூப்பு ஆறிப்போகும்வரை பேசவில்லை நாங்கள்.
பிறகு எர்கின்பெக்தான் மெல்லச் சொன்னான்:
பொய் சொல்வது வட்டு.
எழுதிவிட்டேன் என்கிறது, கையிலேயே வைத்திருக்கிறது.

அந்தத் தாற்காலிகச் சேமிப்பை அணைத்தோம்.
வேகம் பாதியானது.
மூன்றும் தேறின, ஓர் ஆடு குறையாமல்.

ஆக, தேர்வு தொடங்கிய இடத்திலேயே நின்றது.
கடைசியில் முடிவு செய்தது
பால் பரிசோதனைக் கூடத்து அசில்கான்.
ராத்திரிக் காவலும் அவள்தான்.
மூன்றின் கையேடுகளையும் முன்னால் வைத்து
எது விழுந்தால் நீ எழுப்புவாய் என்றேன்.
புரட்டிப் பார்த்து ஒன்றைத் தள்ளினாள்,
இன்னொன்றையும்.
கதையில்லாததன் மேல் கையை வைத்து
"இதில் போன வருஷம் எழுதியது
இந்த வருஷமும் பொருந்துகிறது" என்றாள்.

நேற்று மூன்று முறை கரண்ட் போயிற்று.
காலையில் வந்து பார்த்தேன்.
பாதி தட்டிய பசு உள்ளே இல்லை;
முழுதும் தட்டியவை எல்லாம் இருந்தன.
விசைப்பலகை மேல் ஒரு துண்டுச் சீட்டு,
அசில்கானின் கோணல் எழுத்தில்:
"ஒரு பசு. திரும்பத் தட்டவும்."