வாகன வகை

முல்கியாவில் அரபியில் எழுதியிருப்பது
ஹாஃபிலா. சின்ன பஸ்.
ஃபோர்மேன் குல் ஜமானுக்கு அது காடி.
பெரம்பலூரில் நான் ஓட்டக் கற்றது மினிவேன்.
கல்யாணத்துக்கு ஆள் ஏற்றுவது,
பின்கண்ணாடியில் முதலாளி பிள்ளையின் பெயர் எழுதியிருப்பது.

சஜா கேம்ப், அதிகாலை நாலே கால்.
புதிதாக வந்த வெல்டர் தவசீலன்
வாசலில் நின்று போனில் சொன்னான்:
"மினிவான் வந்திட்டுது, பிறகு கதைக்கிறன்."

வானா? என்றேன்.
குட்டி வானமா? நட்சத்திரம் எத்தனை, டிக்கெட் எவ்வளவு?
வண்டி முழுக்கச் சிரித்தது.
அவனும் சிரித்தான், ஏறாமல்.
எல்லோரும் உட்கார்ந்த பிறகு வந்து
கதவோரம் மடக்குச் சீட்டில் அமர்ந்தான்.
இழுகதவின் கைப்பிடியில் ஒரு கை.

ஏழு மாதம் அதே சீட்.
ஏசி எட்டாத, முழங்கால் இடிக்கிற சீட்.
பின்னால் இடம் இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன்.
"இது காணும் அண்ணை."

ஜனவரியில் ஒரு மூடுபனி.
எமிரேட்ஸ் ரோட்டில் விளக்கை மினுக்கவிட்டு
ஓரங்கட்டி நின்றோம். மற்றவர்கள் தூக்கத்தில்.
கம்பெனி ஏன் வெள்ளையே வாங்குது என்று கேட்டான்.
வெயிலுக்கு, என்றேன். விற்றாலும் நல்ல விலை போகும்.
புறங்கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"எங்கட பக்கம் வெள்ளை வான் எண்டா
ஏத்தின கதைதான் இருக்கு.
இறக்கின கதை இல்லை."
யாரை என்று நான் கேட்கவில்லை.
பனிக்குள் ஒரு டிரெய்லர்
ஹாரனிலிருந்து கையெடுக்காமல் கடந்து போனது.

ஏறும்போது தலை எண்ணுவது கம்பெனி விதி,
தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.
இறங்கும்போது எண்ணச் சொல்லி யாரும் சொன்னதில்லை.
அன்றிலிருந்து எண்ணுகிறேன்,
உதட்டுக்குள்,
குல் ஜமான் பார்த்தால் டயரை உதைப்பதுபோல்.
பதினான்கு. பதினான்கு.
ஒரு வாரம் காய்ச்சல் சுற்றியபோது பதினொன்று.

நேற்று பதின்மூன்று.
மறுபடி எண்ணினேன். வயிறு சில்லிட்டது.
உள்ளே ஏறிப் பார்த்தால்
கடைசி சீட்டில், சாப்பாட்டுப் பைகளுக்கு நடுவே
தவசீலன்.
வாய் திறந்த உறக்கம்.
இரண்டு கையும் மடியில்.

எழுப்பவில்லை.
கதவை முழுக்க இழுத்துத் திறந்து வைத்தேன்,
எஞ்சின் ஓட,
ஏசி எல்லாம் ஆகஸ்டுக்குள் வீணாக.
அந்தப் பதினைந்து நிமிடப் பெட்ரோலைக்
கணக்கில் என்னவென்று எழுதுவது,
இன்னும் தெரியவில்லை.