பத்தொன்பதாயிரத்து நாற்பது அடிகள்

ஒரு வாரமாகப் பட்டியலில் முதலிடம்
இக்னாசியோ புஸ்தோஸுக்குத்தான்.
நாளொன்றுக்குப் பத்தொன்பதாயிரத்து நாற்பது அடிகள்.
மற்ற பிள்ளைகள் மூவாயிரத்திலேயே முக்கி நிற்க,
மாடி ஏறச் சொன்னால் மருத்துவச் சீட்டை நீட்டுகிறவன்
எங்கே நடந்தான் இவ்வளவு?

வல்பராய்ஸோவில் நடப்பது என்றால் ஏறுவது.
கீழே கடல், மேலே வீடு,
நடுவில் முடியாத படிக்கட்டு.
முதல் படிக்கு முன்னாலேயே நிற்கிறது ஷேர் டாக்ஸி,
நாலாவது ஆளுக்காக ஹாரன் அடித்தபடி.

பள்ளி கொடுத்த கைப்பட்டையின் கணக்கை விரித்தேன்.
விடிகாலை மூன்றே கால்: இரண்டாயிரம்.
மீன் சந்தை திறக்கும் வேளை: நாலாயிரம்.
மூன்றாம் பாடவேளையில் நாற்காலியோடு ஒட்டிக் கிடந்தவன்
அதே நேரத்தில் துறைமுகம் வரை ஓடித் திரும்பியிருக்கிறான்.

கூப்பிட்டுக் கேட்டேன். பையன் பொய் சொல்லவில்லை.
"புல்காவின் கழுத்தில் கட்டிவிட்டேன், மிஸ்."
புல்கா:
மூன்று நிறம், முக்கால் காது,
சொந்த வீடு கிடையாது, எல்லார் வீட்டு எலும்பும் அதற்கு.
"ஏன்டா?" என்றேன்.
"அதற்குப் போக இடம் இருக்கிறது, மிஸ்.
எனக்கு எங்கே இருக்கிறது?"

எதிர்த்துப் பேசியதற்கும் சேர்த்துத் தண்டனை எழுதலாமென்று
பதிவேடு தேடி அலமாரியைக் குடைந்தேன்.
அடித்தட்டில், பூஞ்சை வாடையோடு,
எண்பத்தெட்டாம் வருடத்து நோட்டு.
பன்னிரண்டு நிமிட ஓட்டம்.
ஒயார்சூன், மரித்சா. வயது பதின்மூன்று.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து மீட்டர்.
அது நான்.
பெயருக்கு எதிரே யாரோ பென்சிலில்:
சோம்பேறி.

இந்த வருடம் வகுப்பிலேயே அதிக தூரம் ஓடியவள்
டானே உர்ருத்தியா. ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
அவள் பெயருக்கு எதிரே, சிவப்பு மையில், நானே எழுதியது:
அபாரம்!

இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
சோம்பேறிக்கும் அபாரத்துக்கும் நடுவில்
நானூற்றுப் பத்து மீட்டரைக் காணோம்.
யார் விழுங்கியது?
அலைபேசி என்று சொல்லிக் கையைக் கழுவலாம்.
போன பெற்றோர் கூட்டத்தில் நான் கழுவியாயிற்று.
முன்வரிசை அம்மாக்கள் தலையாட்டினார்கள்,
தங்கள் அலைபேசியிலிருந்து நிமிராமல்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
நான் சோம்பேறியாக ஓடிய மைதானம்
ஆசிரியர்களின் வாகன நிறுத்தமாகி ஒன்பது வருடம்.
தார் பெயர்ந்த இடத்தில் இன்னும் எட்டிப் பார்க்கிறது
கூடைப்பந்துக் கோட்டின் அரைவட்டம்.
அதன்மேல் ஒரு வெள்ளைக் கார்.
பின்கதவில் நெளிசல். மே மாதத்தில் நான் இடித்தது.
மைதானத்தை மூடக்கூடாதென்று வந்த மனுவில்
கையெழுத்துப் போட்டேனா?
நினைவில்லை. அந்த வருடம்தான் கார் வாங்கினேன்.

தண்டனை எழுதவில்லை.
"பட்டை பள்ளிச் சொத்து. திங்கட்கிழமை என் மேசையில் இருக்கவேண்டும்"
என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை வந்தது பட்டை.
மீன் செதில் ஒட்டி, வாரில் பல் பதிந்து.
அதைக் கொண்டுவந்தவன் நொண்டினான்.
சனிக்கிழமை மதியம் தேடக் கிளம்பியவன்
மூன்று குன்று ஏறி இறங்கியிருக்கிறான்.
கல்லறைச் சுவர் தாண்டி, கறிக்கடைப் பின்சந்து நுழைந்து,
துணிக்கொடிகளுக்கு அடியில் குனிந்து ஓடி,
இருட்டிய பிறகு படகுகளுக்கு நடுவே
வாலைப் பிடித்திருக்கிறான்.
"டாக்ஸிக்காரர் நாயை ஏற்றமாட்டேன் என்றார்.
மறுபடி முழுக்க நடந்தேன், மிஸ்."
கேட்காமலே காலணியைக் கழற்றி
குதிகால் கொப்புளத்தைக் காட்டினான்,
பதக்கம்போல.

பட்டையைக் கணினியில் செருகினேன்.
சனிக்கிழமை: இருபத்து மூவாயிரம் அடிகள்.
அத்தனையும் நாயுடையது.
அவன் ஏறியதில் ஒரு படிகூட
எங்கும் பதிவாகவில்லை.