கால் சுற்று

தராசின் முகத்துக்குப் பின்னால் ஒரு திருகாணி.
கால் சுற்றுத் திருப்பினால் போதும்,
முள் மூன்று கிலோ சோம்பேறியாகிவிடும்.
யாருக்கும் கேட்காது. எனக்கு மட்டும்
இரும்பை இரும்பு உரசும் சின்ன முனகல்.

செஃப்விக் காட்டூர் ஒன்றில் கொக்கோ எடை போடுகிறவன் நான்.
ஒபிரி என்பார்கள். சட்டைப்பையில் இரண்டு பேனா.
ஞாயிறு பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை.

ஹர்மட்டான் புழுதி கிளம்பிய வாரம் டூஃபியே வந்தாள்.
புருஷனைப் புதைத்த பிறகு
அவள் தனியே வெட்டி, வாழையிலை மூடிப் புளிக்கவைத்து,
பாயில் ஏழு நாள் புரட்டிக் காயவைத்த மூட்டை.
"அறுபத்து நாலு இருக்கும்" என்றாள்.
"அறுபத்தொன்று" என்றேன்.
மூட்டையைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள்.
"உன் தராசுக்குக் காய்ச்சலா?" என்றாள், உரக்கவே.
வரிசை சிரித்தது. நானும்.
அறுபத்தொன்று என்று எழுதினேன்.
பேனா தயங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று கிலோ என்றால் எவ்வளவு?
நான் கணக்குப் பார்த்ததில்லை.
பார்த்தால் அதற்கொரு முகம் வந்துவிடும்.
நாளுக்கு முப்பது மூட்டை என்று பார்த்தேன்,
கூரைக்குப் புதுத் தகரம் என்று பார்த்தேன்.
பொய் என்ற சொல்லை நாங்கள் கடைக்குள் விடவில்லை.
கழிவு என்போம். ஈரப்பதம் என்போம்.

மழைக்கு முந்திய ஞாயிறு அது.
திருவிருந்துக்கு முன்
மனம் உறுத்துகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார்
உபதேசியார் அம்போன்சா.
யாரும் எழுவதில்லை, உத்தரத்தில் பல்லி பார்ப்போம்.
டூஃபியே எழுந்தாள்.

"சகோதரன் ஒபிரியின் தராசைப் பழித்தேன், பத்துப் பேர் முன்னால்.
சுமந்து வந்த என் முதுகு சொன்னதை நம்பிவிட்டேன்.
காசுத் தேவையில் மூன்று கிலோ கூட்டிச் சொல்லியிருப்பேன் போல.
மூன்று மாதமாய்த் தூக்கமில்லை.
கர்த்தர் மன்னிக்கட்டும். சகோதரனும்."

சபை ஆமென் என்றது.
இரண்டாம் வரிசையிலிருந்து
சுருதி பிசகாமல் நானும்.

அப்பம் வந்தது, நகத்தளவு துண்டு.
வாங்கிய கை கீழே இறங்கியது.
எந்தத் திருகாணிக்கும் கட்டுப்படாத எடை.
விழுங்க முடியவில்லை.
சட்டைப்பையில் போட்டேன், பேனாக்களுக்கு நடுவே.

திருடியது கொக்கோ என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மாலையில் போனேன்.
நாலு மடங்கு எண்ணி ஒரு துணியில் முடிந்துகொண்டு.
சொன்னேன், திருகாணி, கால் சுற்று, எத்தனை பருவமாக என்று எல்லாம்.
அவள் அடுப்புச் சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.
வெகுநேரம் கழித்து,
"அப்படியானால் அறுபத்து நாலுதான்."
"ஆமாம்."
"என் முதுகு சரியாகத்தான் சொன்னது."
"ஆமாம்."
"பூட்டினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறேன்.
உப்புப் போட்டது நினைவில்லாமல் மறுபடி போடுகிறேன்.
அவர் கடைசியாய்ச் சொன்ன வார்த்தைகூட
அவர் சொன்னதுதானா, நானாக..."
கரண்டி நின்றது.

துணியை அவிழ்த்தாள்.
ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மூன்றை என் பக்கம் தள்ளினாள்.
"நான் நின்ற இடத்தில் போய் நில்.
அது போதும். அது இல்லாமல் இது எதுவும் போதாது."

விடிந்தால் ஞாயிறு.
திருகாணியைத் திருப்பிவிட்டேன், முள் பூஜ்யத்தில் நிற்கிறது.
சட்டைப்பை அப்பத்துண்டு காய்ந்து
ஓர் ஓரம் மை குடித்து நீலமாகிவிட்டது.
இருட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கிறேன்.
ஒவ்வொரு முறையும்
தவறு நேர்ந்துவிட்டது என்றுதான் வாய் ஆரம்பிக்கிறது.
நேர்ந்ததாம், பனி பெய்வதைப் போல.
நாக்கைப் பிடித்துத் திருப்புகிறேன்,
கால் சுற்று, இந்தப் பக்கமாக.
செய்தேன்.
இன்னும் கொஞ்சம்.
நான் செய்தேன்.