எழுபத்துநாலு தேறவில்லை

ஜூ சியாட்டில் ஒரு கடைவீட்டு மாடி.
குளிர்சாதனம் பதினெட்டில்.
ஆறு பேர், நான்கு போத்தல், ஒரு மெழுகுவத்தி.
ரொசாரியோ கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்,
பிரசவம் பார்க்கப் போகிறவர்போல.

அறுபத்துமூன்றின் தக்கை
திருகில் ஏறாமல் தூளாய் உதிர்ந்தது.
போத்தலின் தோளுக்குப் பின்னால் சுடரை நிறுத்தி
மெல்லச் சரித்தார்.
சிவப்பு, சிவப்பு, சிவப்பு,
பிறகு கறுப்பாய் ஒரு நூல்.
"மண்டி வருது, போதும்" என்றார் அற்புதராஜ்.

வடிகட்டும் மெல்லிய துணியை
வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.
கோ கீழே இறங்கிப் போய்
நீளமான துணிப்பை ஒன்றைக்
காப்பிக் கடையில் கடன் வாங்கி வந்தார்.
"புதுசு" என்றார்.
அதன் நிறத்தைப் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

அறுபத்துமூன்று
விளிம்பில் செங்கல் நிறம் கட்டியிருந்தது.
பனங்கற்கண்டு, காய்ந்த ஆரஞ்சுத் தோல்,
வெகுநாள் திறக்காத தேக்கு அலமாரி.
விழுங்கிய பிறகும் போகாமல் நின்றது,
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே
இன்னொரு கதை தொடங்கும் விருந்தாளி.

எழுபத்தேழு, என் தம்பி பிறந்த ஆண்டு.
நாவல், மிளகு. இன்னும் முறுக்குக் குறையவில்லை.
துவர்ப்பு கன்னத்தை உள்ளிருந்து கிள்ளியது.
எல்லாருக்கும் அதுவே பிடித்தது.
எல்லாருக்கும் எப்போதும் அதுதான்.

எண்பத்தைந்தில் காடி ஏறியிருந்தது.
"இந்த ஆண்டில் சிலது இப்படித்தான்" என்றார் ரொசாரியோ,
கடன் திருப்பித் தராத சித்தப்பாவைச் சொல்வதுபோல்.

தொண்ணூற்றுநாலு வெறும் மை.
பற்களில் கையெழுத்துப் போட்டது.

குறிப்புத் தாள்களை வாசித்தோம்.
அற்புதராஜ்: வறுத்த காப்பி, இனிப்பு.
மெய் யுன்: காப்பி, கொஞ்சம் புகை.
நான்: காப்பி, வெண்ணெயில் வறுத்தது.
நான்கு ஆண்டுகள், முப்பத்தோரு வருட இடைவெளி,
எல்லாவற்றிலும் அதே காப்பி.
தொட்டியில் கிடந்த துணிப்பையை
கோ ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
சிரித்துச் சிரித்து மெய் யுன்னுக்கு விக்கல்.
ரொசாரியோ மட்டும் சிரிக்கவில்லை.
அறுபத்துமூன்று அவர் காசு.

அவரைத் திசைதிருப்பத்தான் கேட்டார்கள்:
உன் ஆண்டு எது?
எழுபத்துநாலு.
"அறிவிக்கலையே" என்றார், மிக மென்மையாக.
நல்ல ஆண்டென்று தோன்றினால்தான்
அந்த வீடுகள் அறிவிக்குமாம்.
மற்ற ஆண்டுகளில்?
"திராட்சை காய்க்காமல் இல்லை. மிதிக்காமலும் இல்லை.
பீப்பாயில் மற்ற ஆண்டுகளோடு கலந்துவிடும்.
பெயர் இருக்காது, அவ்வளவுதான்."

ஒன்பது வயதில் ஒரு தேர்வு.
மற்ற பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டு,
எனக்கு எட்டு.
என் கடிதத்தை அப்பா
மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே செருகினார்.
தம்பியுடையதற்குச் சட்டம் போட்டார்.
இப்போது துறைமுகக் கிடங்கொன்றில்
பிறர் மதுவுக்கு வெப்பநிலை பார்க்கிறேன்.
பதின்மூன்றைத் தாண்டினால்
நள்ளிரவிலும் என் கைப்பேசிதான் அலறும்.

முப்பத்துமூன்றாம் எண் பேருந்தில்
அந்த ஒரு சொல்லை மென்றுகொண்டே வந்தேன்.
கலங்கியது தேறும்.
காய்ச்சல்காரன் தேறுவான்.
பிள்ளை தேறும், தேறாது.
ஒரே வினைச்சொல்லில்
போத்தலையும் மருத்துவமனையையும் பள்ளியையும்
அடைத்து வைத்தவர் யாரோ,
மண்டிக்கு மட்டும் வேறு சொல் வைத்துவிட்டார்.

தம்பிக்கு அனுப்பினேன்:
உன் ஆண்டைக் குடித்தேன், நன்றாக இருந்தது.
பெர்த்திலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.
அவன் இருமல் மருந்துகூடக் குடிக்கமாட்டான்.

எங்கோ இந்த நேரம் ஒருவர்
கோப்பையின் அடியில் கொஞ்சம் எழுபத்துநாலை
அதென்று தெரியாமல் விழுங்கிக்கொண்டிருக்கலாம்.
நன்றாக இருக்கிறதா என்று
அவரை யாராவது கேட்டால் தேவலை.

பிடோக் நிலையத்தில் விளக்குகள் எரிந்தன.
கண்ணாடியில் என் பற்கள் ஊதாவாய்.
எதிர் இருக்கைக் குழந்தை
பயப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தது.