நாமினி: காலி

முதுநகர்க் கிளையை மூடி
மஞ்சக்குப்பத்தோடு சேர்க்கச் சொன்னது சங்கம்.
மேசை நாற்காலி எல்லாம் ஒரே டெம்போவில் வந்து இறங்கின.
ஆட்களைக் கொண்டுவர
எனக்குப் பதினேழு நாள்.

ஆள் என்றால் என் வேலையில் ஆப்ஜெக்ட்.
பெயர், கடன், ஜாமீன், பிள்ளைகள்,
உள்ளே ஒரு முகவரி, முகவரிக்குள் ஒரு தெரு,
ஐப்பசியில் தெருவுக்குள் உப்பனாறு.
அதற்கு மட்டும் கட்டம் கிடையாது.

தனபாக்கியம் இரண்டு பக்கமும் இருந்தாள்.
அங்கே ப. தனபாக்கியம், மீன் வியாபாரம், சோனங்குப்பம்.
இங்கே தனபாக்யம் ப., இட்லிக் கடை,
திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்.
கைரேகை ஒன்று. ஆக ஒருத்திதான்.

சுலபமானதை முதலில் முடித்தேன்.
புதிய தேதி பழையதை வெல்லும்:
மீன் தோற்றது, இட்லி ஜெயித்தது.
அங்கே மகன் குணசீலன், இங்கே மகன் குணபாலன்,
பிறந்த நாள் ஒன்றே.
எழுத்துப் பிழை என்று
ஒருவனை இன்னொருவனுக்குள் தள்ளிவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் திரை அசையவில்லை.
இவளுக்கு ஜாமீன் அமிர்தவல்லி.
அமிர்தவல்லிக்கு ஜாமீன் இவள்.
ஒருத்தியைத் திறந்தால் உள்ளே அடுத்தவள்,
அவளைத் திறந்தால் மறுபடி இவள்,
நினைவகம் தீரும்வரை
மாறி மாறிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
கணக்கெடுக்க வருகிறவர்கள்
நிலையில் சாக்பீஸால் எழுதிப் போவார்களே,
அப்படி ஒரு குறி வைத்தேன்.
சுற்று நின்றது.

அப்புறம் அந்த வரி.
அங்கே, நாமினி: கணவர் பக்கிரிசாமி.
இங்கே, நாமினி: காலி.
யோசிக்கவே இல்லை.
இருப்பது இல்லாததை நிரப்பட்டும் என்று எழுதினேன்.
யாரைக் கேட்டாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.
ஓடியது. பச்சை காட்டியது.
நாலாயிரத்துச் சொச்சம் பேர்
விடிவதற்குள் முழுமையானார்கள்.

புதன்கிழமை பாஸ்புக் அச்சிட வந்தவள்
கவுண்டரை விட்டு நகரவில்லையாம்.
பின்னறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.
மாவு காய்ந்த விரலை அந்தப் பெயர்மேல் வைத்து
"இத யாரு போட்டது?" என்றாள்.

சிஸ்டம் என்றேன்.
பழைய கிளையில் இருந்தது,
இங்கே விட்டுப்போயிருந்தது, அதனால்தான்...

"வுட்டுப்போவல.
அந்தப் பேர எடுங்கன்னு மூணு தடவ நடந்தன்.
அந்தாளு கையெழுத்து வேணும்னாங்க.
ஆளு இருந்தா தான கையெழுத்து?
ஆத்தத் தாண்டி இங்க வந்து
புதுசா கணக்கு தொடங்குனதே
அந்தக் கட்டத்த சும்மா வுடத்தான்."

என் மொழியில் அதற்குச் சொல் இல்லை.
மறந்து விட்டதும் காலி,
மூன்று தடவை நடந்து வாங்கியதும் காலி.

அவள் முன்னாலேயே பெயரை அழித்தேன்.
நிரம்பாதபடி பூட்டு ஒன்றும் போட்டேன்.
திரும்பவும் அச்சிட்டுக் கொடுத்தார்கள்.
வாங்கிப் பார்த்துக்கொண்டே படி இறங்கியவள்
பாதியில் நின்றாள்.
"சீலன காணமே. பாலன் மட்டும் இருக்கான்.
ரெட்டப் புள்ளைங்க எனக்கு."

சாயங்காலம் தெற்கத்திக் காற்று
சிப்காட் நாற்றத்தை ஜன்னல்வரை கொண்டுவந்தது.
நான் நிரப்பிவிட்ட காலிகளை எண்ணினேன்:
அறுநூற்றுப் பன்னிரண்டு.
எது மறதி, எது முடிவு,
பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

பட்டியலை அச்செடுத்து
முதல் எண்ணை அழுத்தினேன்.
இராசாப்பேட்டை, ஒரு செங்கேணி.
மணி போகிறது.
எப்படிக் கேட்பது என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.