நாற்பத்தொரு கண்கள்

அரவேணுவுக்கு மேலே மூன்றாவது வளைவு.
தடுப்புச் சுவர், அறுபத்திரண்டு மீட்டர்.
மேகம் இறங்குவதற்குள் பார்த்துவிடலாம் என்று
பத்து எம்எம் கம்பியின் வெட்டுத்துண்டு ஒன்றோடு வந்தேன்.
ஆறடி. என்னைவிட உயரம்.

லிங்கராஜ் பதினோரு நாள் முன்னதாகவே முடித்தவர்.
அவர் கோப்பில் பக்க எண் உண்டு, பொருளடக்கம் உண்டு,
இருபத்தெட்டாம் நாள் உடைத்துப் பார்த்த கான்கிரீட் கட்டிகள்
கேட்டதற்கு மேலேயே தாங்கிய சான்றிதழ் உண்டு.
ஹெல்மெட் இல்லாத தலையை அவர் வேலையில் கண்டதில்லை.
ஃப்ளாஸ்க்கில் டீ. எனக்குச் சர்க்கரை கிடையாது,
அதையும் நினைவில் வைத்திருந்தார்.

மலை குடிக்கும். குடித்ததைக் கக்கும்.
சுவர் மண்ணைத்தான் பிடிக்க வேண்டும், தண்ணீரை அல்ல.
அதற்காக ஐந்தடிக்கு ஒன்றாய்க் குழாய்த் துளை.
வரைபடத்தில் வீப் ஹோல். மேஸ்திரி செபமாலைக்குக் கண்.
‘நாப்பத்தொரு கண்ணுங்க மேடம்.’

முதல் துளையில் கம்பி போனது, போனது,
கடைசியில் ஜல்லியில் உரசிக் கிறீச்சிட்டது.
இழுத்தால் நுனியில் ஈரமண், அழுகிய சவுக்கு இலை வாசம்.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில் முழங்கை அளவு. டக்.
நான்கு, டக்.
ஐந்து போனது.
ஆறிலிருந்து பதினொன்று வரை
பூட்டிய குவார்ட்டர்ஸில் கதவு கதவாய்த் தட்டுகிற
கணக்கெடுப்புக்காரி மாதிரி தட்டிக்கொண்டே போனேன்.

பதினேழு திறந்த கண்.
இருபத்து நான்கு வெறும் குழாய்முனை,
வெளியே அழகாய் வெட்டி,
ஒரே சரிவில், நூல் பிடித்த மாதிரி.

‘சிமென்ட் குறைக்கல மேடம். கம்பி குறைக்கல.’
உண்மை.
‘அந்த வாரம் மழை. ஜல்லி லாரி மேட்டுப்பாளையத்துலயே நின்னுடுச்சு.
தேதி தவறக் கூடாதுன்னுதான்...’
அதுவும் உண்மை. தேதி தவறவில்லை.

மதிப்பீட்டுப் படிவத்தை விரித்தேன்.
காலத்தில் முடித்தல் இருபது. ஆவணம் பதினைந்து.
பாதுகாப்பு பதினைந்து. ஒத்துழைப்பு இருபது.
பொருள் தரம் இருபத்தைந்து.
வடிகால், ‘இதர பணிகள்’ வரிக்குள். ஐந்து.
அந்த ஐந்தையும் பிடுங்கிவிட்டுக் கூட்டினேன்.
தொண்ணூற்றொன்று. மிக நன்று.
அடுத்த டெண்டருக்கு முன்னுரிமை.

கீழ்கோத்தகிரியில் முஸ்தபா கட்டிய சுவர்
நான்கு மாதம் தாமதம். இரண்டு நோட்டீஸ்.
போனில் அவர் போட்ட சத்தத்தில்
தொட்டிலில் இருந்த பிள்ளை விழித்துக்கொண்டான்.
ஐம்பத்து மூன்று போட்டேன், கை கூசாமல்.
போன வாரம் அடைமழையில் அந்த வழியே வந்தபோது
ஜீப் வெளிச்சத்தில் ஒரு துளை பாக்கியில்லாமல்
பழுப்பாய்க் கொட்டிக்கொண்டிருந்தது,
காலையில் வரிசையாய் நின்று
வாய் கொப்பளிக்கிற விடுதிப் பையன்கள் மாதிரி.

இந்தச் சுவருக்கு மேலே ஒரு பூண்டு வயல்.
அதற்கும் மேலே தகரக் கூரை வீடு.
கொடியில் மூன்று அளவில் பள்ளிக்கூடத்துச் சாக்ஸ்.

இருபத்து நான்கையும் துளைக்கச் சொன்னேன், அவர் செலவில்,
வலைத்துணி சுற்றிய குழாய் செருகி.
கோயம்புத்தூரிலிருந்து மெஷின் வர நான்கு நாள்.
அதற்குள் மண் நிரப்பிய அன்றைய பதிவேட்டைத் தேடினேன்,
பார்த்த ஆள் யார் என்று பிடிக்க.
‘ஜல்லி அடுக்கு சரிபார்க்கப்பட்டது.’
கீழே என் கையெழுத்து.
அன்றைக்கு நான் ஊட்டியில், ஆய்வுக் கூட்டத்தில்.
செபமாலை வாட்ஸப்பில் அனுப்பியவை மூன்று படம்.
மூன்றும் முதல் துளைதான், மூன்று கோணத்தில்.

மெஷின் மூன்றாம் கண்ணில் தொடங்கியது.
முதலில் தூசி. பிறகு ஒன்றுமில்லை.
பிறகு ஒரு மண்புழு.
பிறகு மலை.
லிங்கராஜின் இஸ்திரி மடிப்புச் சட்டை நனைந்தது.
‘வருது மேடம்’ என்றார், வேறு யாருடைய சுவரோ போல.

படிவத்தின் அடியில் மேற்பார்வைப் பொறியாளர்:
கையெழுத்துக்கு ஒரு கோடு. மதிப்பெண் கட்டம் கிடையாது.
குறிப்புரைக்கு இரண்டு வரி இடம்.
ஒன்றில் அவரைப் பற்றி எழுதினேன்.
மற்றதில்
அன்றைய தேதியும், நான் எங்கே இருந்தேன் என்பதும்.